இலையின் தொழில்

தியாகராய நகர் என்றவுடன் துணிக்கடைகளும் நகைக்கடைகளுமே பலர் நினைவுக்கு வரும். ஆனால், காலைப்பொழுதில் அந்நகரின் காய்கறிக் கடைத்தெருவுக்குச் செல்வோர் அங்கே வேறொரு வாணிகத்தையும் காணலாம். அஃது இலை வாணிகம். அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை முதலியவை கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டிருக்கும். வாழையிலைகள் சுருள் சுருளாகக் கிடக்கும். வெற்றிலை கவுளி கவுளியாக இருக்கும். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் மணம் வீசும். திருநாள் நெருங்கினால் மாவிலையும் வந்து சேரும். உண்பதற்கு ஓர் இலை, உண்கலமாக ஓர் இலை, உண்டபின் மெல்லுவதற்கு ஓர் இலை, வாயிலில் கட்டுவதற்கு ஓர் இலை என நம் வாழ்வில் இலை பெற்றுள்ள இடம் பெரிது.

அங்கே கீரை விற்கும் மூதாட்டியைச் சற்று நேரம் உற்று நோக்குங்கள். வெயில் ஏற ஏற, அவர் கீரைக்கட்டுகளை நனைத்த கோணியால் மூடுகிறார்; அடிக்கடி கையால் நீர் தெளிக்கிறார். வாடிய கீரை விலை போகாது. மாலைக்குள் விற்றுத் தீராவிட்டால் அன்றைய முதலே அவருக்கு நட்டமாகும். பக்கத்தில் உருளைக்கிழங்கு விற்பவரோ ஒருமுறையேனும் நீர் தெளிப்பதில்லை. கிழங்கு பல நாள் வாடாமல் இருக்கிறது. கீரை மட்டும் ஒரு பகலுக்குள் துவண்டு விடுவது ஏன்?

மண்ணிலிருந்து பிடுங்கப்பட்ட பின்னும் இலை தன்னிடமுள்ள நீரை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. அதனாலேயே அது வாடுகிறது. தன் உயிருக்கு இன்றியமையாத நீரை இலை ஏன் இவ்வாறு இழக்க வேண்டும்? இவ்வினாவுக்கு விடை கண்டால், இலையின் அமைப்பும் அதன் தொழிலும் ஒருங்கே விளங்கிவிடும்.

முதலில் இலையின் புறத்தோற்றத்தைக் காண்போம். அரச மரத்தின் இலை ஒன்றை எடுத்துக் கொள்வோம். அது கிளையோடு பொருந்தும் பகுதி இலையடி எனப்படும். அதிலிருந்து நீண்டு செல்வது காம்பு. காம்பின் முனையில் தட்டையாக அகன்றிருப்பது இலைப்பரப்பு. அப்பரப்பின் நடுவே ஓடும் தடித்த நரம்பு நடுநரம்பு ஆகும். அதினின்றும் பக்க நரம்புகள் பிரிகின்றன. அவையும் மேலும் மேலும் பிரிந்து மெல்லிய வலைபோல் இலை முழுவதும் பரவுகின்றன. அரசிலையைச் சில வாரங்கள் நீரில் ஊற வைத்தால், சதைப்பகுதி அழுகி நீங்கிவிடும். நரம்பு வலை மட்டும் எஞ்சும். அதனை உலர்த்தி நூலின் நடுவே வைத்துக்கொள்ளும் மாணவர் பலர். நரம்புகளே இலையின் எலும்புகள். அவையே அதன் கால்வாய்களும் ஆகும். வேர் உறிஞ்சிய நீரை இலைக்குக் கொண்டு வருவதும், இலையில் உண்டான உணவை மரத்தின் பிற உறுப்புகளுக்குக் கொண்டு செல்வதும் அவற்றின் வேலை.

எல்லா இலைகளின் நரம்புகளும் வலைபோல் பின்னியிருப்பதில்லை. நெல், கரும்பு, மூங்கில், தென்னை ஆகியவற்றின் நரம்புகள் ஒன்றையொன்று ஒட்டி இணையாக ஓடுகின்றன. இவ்வேறுபாட்டை ஒட்டிய ஒரு பாகுபாட்டை நம் முன்னோர் அறிந்திருந்தனர். புறத்தே உறுதியுடையவற்றைப் புல் என்றும், அகத்தே உறுதியுடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் மரபியலில் பிரிக்கிறது. இவ்விரு வகைக்கும் உரிய உறுப்புப் பெயர்களையும் தனித்தனியே தொகுத்துக் கூறுகிறது. இன்றும் நாம் தென்னையோலை என்றும் தாழை மடல் என்றும் கரும்புத் தோகை என்றும் வழங்குகிறோம்; வேப்பிலை, மாவிலை என வேறாகக் கூறுகிறோம். ஒரு சொல்லின் உள்ளே செடியின் அமைப்பைப் பற்றிய அறிவு பொதிந்திருப்பதை இங்குக் காண்கிறோம்.

அரசு, மா, பூவரசு ஆகியவற்றின் இலைகள் தனியிலைகள். வேம்பு, புளி, முருங்கை முதலியவற்றின் இலைகள் கூட்டிலைகள். வேப்ப மரத்தில் நாம் இலை என்று கிள்ளுவது உண்மையில் இலையன்று. ஒரே இலையின் பிரிவாகிய சிற்றிலையே ஆகும். இதனை அறிய எளிய வழி உண்டு. முழு இலை ஒன்றின் கக்கத்தில் மொட்டு இருக்கும். சிற்றிலையின் கக்கத்தில் மொட்டு இராது.

இனி இலையின் உள்ளமைப்பைக் காண்போம். இலையைக் குறுக்கே மெல்லியதாகச் சீவி நுண்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்தால், அஃது ஓர் அடுக்கு மாளிகைபோலத் தோன்றும். மேலே கூரையாக அமைந்திருப்பது மேற்புறத்தோல். அதன் உயிரணுக்கள் நிறமற்றவை. கண்ணாடி ஓடுபோல ஒளியை உள்ளே விடுபவை. அதன்மேல் மெழுகுப் பூச்சு ஒன்று படிந்திருக்கிறது. மாவிலையின்மேல் விழுந்த மழைத்துளி ஒட்டாமல் உருண்டு ஓடுவது இப்பூச்சினாலேயே. கூரைக்குக் கீழே, தூண்களை நெருக்கி நிறுத்தியது போன்ற நீண்ட உயிரணுக்கள் உள்ளன. ஒளி மிகுதியாகப் படும் இவற்றில்தான் பச்சையம் நிறைந்த பசுங்கணிகங்கள் மிகுதியாக இருக்கின்றன. தூண்களுக்குக் கீழே உள்ள உயிரணுக்கள் நெருக்கமின்றி அமைந்துள்ளன. அவற்றிடையே காற்று உலவுதற்கு இடைவெளிகள் உண்டு. இவை யாவற்றையும் தாங்கி நிற்பது கீழ்ப்புறத்தோல்.

இக்கீழ்ப்புறத்தோலில் எண்ணற்ற சிறு வாய்கள் உள்ளன. இவற்றை இலைத்துளைகள் என்பர். பல செடிகளில் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் 100 முதல் 300 வரை இத்துளைகளைக் காணலாம். ஒவ்வொரு துளையின் இருமருங்கும் அவரை விதை வடிவில் இரண்டு உயிரணுக்கள் காவல் நிற்கின்றன. நீர் நிறைந்து அவை பருத்தால், வெளிப்புறமாக வளைந்து துளையைத் திறக்கும். நீர் குறைந்து அவை தளர்ந்தால், ஒன்றோடொன்று ஒட்டித் துளையை மூடும். இவ்வாறு நீரைக் கொண்டே நீரின் வழியைத் திறக்கவும் அடைக்கவும் வல்ல கதவு இலையில் அமைந்திருக்கிறது.

இவ்வளவு நுட்பமான மாளிகையில் நடைபெறும் தொழில் யாது? உணவு ஆக்குதலே அத்தொழில். மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்றே நெடுங்காலம் மக்கள் எண்ணி வந்தனர். இன்றைய பெல்ஜியம் நாட்டுப் பகுதியில் வாழ்ந்த வான் ஹெல்மாண்ட் என்பவர் இதனைச் சோதித்தார். நிறுத்த மண்ணில் ஒரு வில்லோக் கன்றை நட்டு, நீர் மட்டும் வார்த்து 5 ஆண்டுகள் வளர்த்தார். மரம் ஏறத்தாழ 75 கிலோ எடை கூடியிருந்தது. மண்ணோ 60 கிராம் அளவுகூடக் குறையவில்லை. மரம் முழுதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். அவருடைய நூல் 1648இல் வெளிவந்தது. மண்ணை நிறுத்தவருக்கு, மரத்தைச் சூழ்ந்திருந்த காற்று கணக்கில் தோன்றவில்லை.

அக்குறையைப் பின்வந்தோர் நீக்கினர். எரியும் மெழுகுவர்த்தி கெடுத்த காற்றைப் புதினாச் செடி மீண்டும் நல்லதாக்குகிறது என்று 1771இல் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி கண்டார். செடியின் பச்சை நிறப் பகுதிகளே, அவையும் ஒளியில் மட்டுமே, அதனைச் செய்கின்றன என்று 1779இல் இங்கென்ஹவுஸ் நிறுவினார். ஒளி பட்ட இலையில் மாவுப்பொருள் உண்டாவதை 1860களில் ஜெர்மானியரான சாக்ஸ் காட்டினார். நம் நாட்டவரான ஜகதீச சந்திர போஸ், ஹைடிரில்லா என்னும் நீர்த்தாவரம் ஒளியில் வெளிவிடும் உயிர்வளியைத் தானே பதிவு செய்யும் கருவியை அமைத்து, இத்தொழிலை நுணுகி ஆராய்ந்து 1924இல் நூல் வெளியிட்டார்.

இவர்கள் கண்ட உண்மை இதுதான்: இலை காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுக்கிறது, வேர் அனுப்பிய நீரைச் சேர்க்கிறது, பச்சையம் பற்றிய கதிரவன் ஒளியின் ஆற்றலால் சர்க்கரையை ஆக்குகிறது, உயிர்வளியை வெளியே விடுகிறது. இதனை ஒளிச்சேர்க்கை என்கிறோம். நாம் உண்ணும் சோறும், பசு தரும் பாலும், அடுப்பில் எரியும் விறகும் தோற்றத்தால் வேறாயினும், இலையில் பிறந்த அச்சர்க்கரையின் மாற்றுருவங்களே ஆகும்.

இனி நம் முதல் வினாவுக்கு வருவோம். கரியமில வாயு காற்றில் மிகுதியாக இல்லை. 10,000 பங்கு காற்றில் அதன் அளவு 4 பங்கை ஒட்டியே உள்ளது. இத்துணைச் சிறிய அளவில் உள்ள பொருளைத் திரட்ட வேண்டுமாயின், இலை அகன்றதாகவும் மெல்லியதாகவும் இருத்தல் வேண்டும். வாய்கள் பல வேண்டும். அவை திறந்திருத்தலும் வேண்டும். இலையின் உள்ளறைகளோ ஈரம் நிறைந்தவை. வாயு உள்ளே புகுவதற்காகத் திறந்த வாயிலின் வழியே நீராவி வெளியேறி விடுகிறது. வாயைத் திறந்தால் நீர் போகும். மூடினால் உணவு நிற்கும். இதுவே இலையின் வாழ்வில் ஓயாது நிகழும் இடர்ப்பாடு. வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு இவ்வாறு ஆவியாகிப் போவதும் உண்டு. இதனை நீராவிப்போக்கு என்பர்.

கீரை வாடுவதன் காரணம் இப்பொழுது தெளிவாகும். வேர் மண்ணை விட்டு நீங்கியதால் வரவு நின்றது, செலவோ நிற்கவில்லை. நீர் குறையக் குறைய வாய்கள் மூடிக்கொள்ளினும், மெல்லிய தோலின் வழியாகவும் ஓரளவு நீர் கசிந்து கொண்டே இருக்கிறது. கிழங்கின் தோல் தடித்தது. அதற்குக் காற்றிலிருந்து உணவு திரட்டும் பணி இல்லை. ஆதலின் அது நெடுநாள் வாடாமல் இருக்கிறது. மூதாட்டி தெளிக்கும் நீரும் அவர் மூடும் ஈரக்கோணியும் கீரையைச் சூழ்ந்த காற்றை ஈரமாக்கி, அதன் செலவைக் குறைக்கின்றன.

இலைத்துளைகள் எப்புறத்தில் மிகுதி என்பதை நீங்களே ஓர் எளிய ஆய்வினால் அறியலாம். அரச மரத்தின் இலைகள் நான்கினைப் பறித்துக் கொள்ளுங்கள். ஒன்றின் மேற்புறத்திலும், மற்றொன்றின் கீழ்ப்புறத்திலும், மூன்றாவதன் இருபுறங்களிலும் வாசலைன் தடவுங்கள். நான்காவதனை அப்படியே விட்டுவிடுங்கள். நான்கினையும் நிழலில் ஒரு கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள். ஒன்றும் தடவாத இலையும் மேற்புறம் மட்டும் தடவிய இலையும் முன்னரே வாடிவிடும். கீழ்ப்புறம் தடவிய இலை அவற்றைவிட நெடுநேரம் பசுமையாய் இருக்கும். கதிரவன் நேரே தாக்காத கீழ்ப்புறத்தில் வாய்களை வைத்திருப்பது இலைக்கு நன்மையே. ஆனால், நீரின்மேல் மிதக்கும் அல்லியிலைக்குக் கீழ்ப்புறத்தில் காற்று இல்லை. அதனால் அதன் துளைகள் மேற்புறத்தில் உள்ளன.

நீராவிப்போக்கு முற்றிலும் இழப்பு என்று கருதுதல் தவறு. இலையினின்றும் நீர் ஆவியாகும் பொழுது, நரம்புகளில் தொடர்ந்து நிற்கும் நீர்க்கம்பி மேலே இழுக்கப்படுகிறது. அதனாலேயே வேரிலுள்ள நீரும், அதில் கரைந்த உப்புகளும் உயர்ந்த தென்னையின் உச்சி வரையும் ஏறுகின்றன. மேலும், மண்பானையில் கசியும் நீர் ஆவியாகிப் பானையைக் குளிர்விப்பது போல, நீராவிப்போக்கு இலையையும் குளிர்விக்கிறது. கோடைநாளில் தகரக் கூரையின் நிழலில் நிற்பதற்கும் புங்க மரத்தின் நிழலில் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிவோம். தகரம் வெயிலைத் தடுத்துத் தானும் சுடுகிறது. மரம் வெயிலைத் தடுத்துத் தன் நீரைச் செலவிட்டுச் சூழலைத் தணிக்கிறது.

உணவுக்கும் நீருக்கும் இடையே எழும் இடர்ப்பாட்டை ஒவ்வொரு செடியும் தனக்கேற்ற வகையில் தீர்த்துக் கொள்கிறது. அரளியின் இலை தடித்தது; அதன் துளைகள் கீழ்ப்புறத்தில் சிறு குழிகளுக்குள் பதிந்துள்ளன; குழிகளில் மென்மயிர்கள் நிறைந்து, வெளிவரும் ஈரத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. கடற்கரைச் சவுக்கில் இலைகள் சிறு செதில்களாகச் சுருங்கிவிட்டன. ஊசிபோன்ற பசுங்கொம்புகளே உணவு ஆக்குகின்றன. சப்பாத்திக் கள்ளியில் இலைகள் முள்ளாயின. அகன்ற பச்சைத் தண்டே இலையின் தொழிலைச் செய்கிறது. அது வெப்பம் தணிந்த இரவில் வாய் திறந்து கரியமில வாயுவைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பகலில் வாயை மூடியவாறே உணவு சமைக்கிறது. நெற்பயிர் நீர் பற்றாத போது தன் தாளைச் சுருட்டிக் கொள்கிறது. வயலில் சுருண்ட தாளைக் கண்ட உழவர் மடையைத் திறக்க விரைகின்றனர்.

சென்னைத் தெருக்களில் நிழல் பரப்பி நிற்கும் தூங்குமூஞ்சி மரம் தென்னமெரிக்கா, நடு அமெரிக்கா ஆகிய பகுதிகளிலிருந்து வந்தது. பகலில் தன் சிற்றிலைகளைப் பாய்போல் விரிக்கும். மாலையிலும், மழைமூட்டத்திலும் அவற்றை மடித்துக் கொள்ளும். அதன் இலையடியிலும் சிற்றிலைகளின் அடியிலும் சிறு புடைப்புகள் உள்ளன. அவற்றின் ஒருபுற உயிரணுக்களிலிருந்து நீர் மறுபுறம் செல்வதனாலேயே இலை மடிகிறது. தசையற்ற இலைக்கு நீரே தசையாகிறது.

இலைக்கும் இளமையும் முதுமையும் உண்டு. தளிர், இலை, பழுப்பு, சருகு என அதன் பருவங்களுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் அமைந்துள்ளன. இலை பழுக்குமுன் அதிலுள்ள பயன்மிக்க பொருள்களை மரம் திரும்பப் பெற்றுக் கொள்கிறது. பின்னர்க் காம்பின் அடியில் ஒரு மெல்லிய படலம் தோன்றி, இலையைப் புண்ணின்றி உதிர்த்து விடுகிறது. கீழே விழுந்த சருகும் மக்கி எருவாகி வேருக்கு உதவுகிறது.

தியாகராய நகர் அமைந்துள்ள இடம் ஒரு காலத்தில் நீர்நிலையாக இருந்தது. மாம்பலத்தை ஒட்டிக் கிடந்த நெடிய ஏரியின் ஒரு பகுதியை 1920களில் தூர்த்தே இந்நகரை அமைத்தனர். நீதிக் கட்சித் தலைவருள் ஒருவரான சர் பி. தியாகராயரின் பெயரை நகருக்கும், 1921 முதல் 1926 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயரை அதன் நடுவிலுள்ள பூங்காவுக்கும் இட்டனர். ஏரி மறைந்தது, ஆயினும் மண்ணுக்குள் இறங்கிய மழைநீரை வேர்கள் தேடிப் பருகின. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சாயாது நின்ற பல மரங்கள் இலையிழந்து வெறுங்கொம்புகளாய் நின்றன. சில வாரங்களில் அவை மீண்டும் துளிர்த்தன. முன்பு இலைகள் ஆக்கி அடிமரத்திலும் வேரிலும் சேர்த்து வைத்த உணவே அத்தளிர்களை ஈன்றது.

புயலைத் தாங்கிய மரம் வேறொன்றைத் தாங்க மாட்டாது வருந்துகிறது. தெருவை அழகு செய்வோர் சில இடங்களில் அடிமரத்தை ஒட்டியே சிமெண்டு பூசி விடுகின்றனர். மழைநீர் வேருக்குச் செல்லாமல் சாக்கடைக்கு ஓடுகிறது. நீர் வாராத மரத்தின் இலைகள் வாய்களை மூடிக் கொள்கின்றன. வாய் மூடிய இலை உணவு ஆக்குவதில்லை. காற்றைக் குளிர்விப்பதும் இல்லை. வெளியே பச்சையாகத் தோன்றினும், அம்மரம் உள்ளுக்குள் பட்டினி கிடக்கிறது. பட்டினி கிடக்கும் மரம் அடுத்த புயலை எவ்வாறு எதிர்த்து நிற்கும்? இது குறித்தே, தில்லி நகரில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தொலைவுக்குச் சிமெண்டுப் பூச்சை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட்டது. மரத்தின் அடியில் விடப்படும் அச்சிறு மண்வெளி வீணிடமன்று. இலைகளுக்கு நீர் செல்லும் வாயில் அது.

கீரை விற்கும் மூதாட்டி இலைத்துளையை நுண்பெருக்கியில் கண்டவர் அல்லர். ஆயினும், நீரின்றி இலை இல்லை என்பதை அறிந்து, நாள் முழுவதும் கைந்நீர் தெளித்துத் தம் கீரையைக் காத்து வருகிறார். இலையின் அமைப்பையும் தொழிலையும் கற்ற நாம், நம் தெருவில் நிற்கும் மரத்துக்கு அந்த அளவேனும் செய்தல் வேண்டாவா? நாளை பள்ளிக்குச் செல்லும் வழியில், உங்கள் தெருவிலுள்ள மரங்களின் அடியைப் பாருங்கள். மண் தெரிகிறதா எனக் காணுங்கள். தெரியாவிடின், ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் கூறுங்கள். அவர்கள் வாயிலாக மாநகராட்சிக்கும் எழுதுங்கள். இலை தன் வாயைத் திறந்திருக்கும் வரையில்தான் நம் வாய்க்கும் உணவு உண்டு.